செலவான பின் கூடும் குழு

கலிஃபோர்னியாவில் 55 சதவீத வாக்கு விதியின்கீழ் மக்களிடம் கடன் அனுமதி வாங்கிக் கட்டடம் கட்டும் பள்ளி மாவட்டம் எதுவாக இருந்தாலும், அது ஒரு குடிமக்கள் மேற்பார்வைக் குழுவை அமைத்தே தீர வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஓர் ஒப்பந்தத்தை அங்கீகரிக்கவோ நிறுத்தவோ அவர்களால் இயலாது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு பள்ளி மாவட்டத்தில் இப்படியொரு குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருந்துவருகிறேன். சேர்ந்தபோது, திருட்டைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை என்று எண்ணியிருந்தேன். சட்டமும் ஏறத்தாழ அந்த எண்ணத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த மாநிலத்தின் பள்ளிக் கட்டடப் பணத்துக்கு நேர்ந்த பெரிய இழப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை திருட்டே அல்ல. பொதுக் கூட்டத்தில், வழக்கறிஞரின் கருத்துரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கை உயர்த்தி எடுக்கப்பட்ட முடிவுகள் அவை. அந்த முடிவுகள் எடுக்கப்படும் இடத்தில் மேற்பார்வைக் குழு இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்காகச் சிறு விளக்கம். இங்கே ‘பள்ளி மாவட்டம்’ என்பது வருவாய் மாவட்டம் போன்றதன்று. நகராட்சிக்குக் கட்டுப்படாத, தனக்கென்று தேர்தல் வைத்து வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு. கலிஃபோர்னியாவில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உள்ளன. சிலவற்றில் ஒரே ஒரு பள்ளிதான் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்திலோ லட்சக்கணக்கான மாணவர்கள் படிக்கிறார்கள். வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கிறது. அவர் நிர்வாகத்தை நடத்துகிறார். பென்சில் முதல் கட்டடம் வரை எல்லாக் கொள்முதலும் வாரியத்தின் பெயரில்தான் நடக்கிறது.

1978இல் கலிஃபோர்னிய மக்கள் 13ஆம் முன்மொழிவை (முன்மொழிவு என்பது மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்டம்) நிறைவேற்றிச் சொத்து வரியை மதிப்பிட்ட விலையில் 1 சதவீதத்துக்குள் கட்டினார்கள். அதோடு, கட்டடத்துக்காகப் பொதுக் கடன் பத்திரம் வெளியிட்டு, அதைத் திருப்பிச் செலுத்தத் தனிச் சொத்து வரி விதிக்கும் வழியும் பள்ளி மாவட்டங்களுக்கு அடைபட்டது. 1986இல் அந்த வழி மீண்டும் திறந்தது. ஆனால் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 64 சதவீதம், 65 சதவீதம் ஆதரவு பெற்றும் தோற்ற மாவட்டங்கள் பல. 2000ஆம் ஆண்டு மார்ச்சில், அந்த அளவைச் சாதாரணப் பெரும்பான்மையாகக் குறைக்கும் 26ஆம் முன்மொழிவு குறுகிய வித்தியாசத்தில் தோற்றது. அதே ஆண்டு நவம்பரில், 55 சதவீதம் போதும் என்று கேட்ட 39ஆம் முன்மொழிவு வென்றது. வென்றது 53 சதவீத வாக்கில்தான் என்பதை இங்கே யாரும் அதிகம் சொல்வதில்லை. தான் விதித்த அளவை அந்த முன்மொழிவே எட்டவில்லை.

வாசல் அகலமாவதற்கு ஈடாக வரி செலுத்துவோர் அமைப்புகள் சில உறுதிகளைக் கேட்டு வாங்கின. எந்தெந்தப் பணிகளுக்குப் பணம் என்ற பட்டியலை வாக்காளர் முன் வைக்க வேண்டும்; ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்கும் நடைமுறைச் செலவுக்கும் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது; ஆண்டுதோறும் நிதித் தணிக்கை ஒன்றும் செயல்திறன் தணிக்கை ஒன்றும் நடத்த வேண்டும்; குடிமக்கள் குழு அமைக்க வேண்டும். வரிக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை ஒன்றாக நடத்தும் மாவட்டம் என்றால், ஒரு தேர்தலில் பெறும் கடனுக்கு, மதிப்பிட்ட விலையில் ஒரு லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 60 டாலருக்கு மேல் போகாது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

இந்த 60 டாலர் எல்லார் மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. 13ஆம் முன்மொழிவின்படி வீட்டின் மதிப்பிட்ட விலை, வாங்கிய நாளின் விலையிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயராது. எங்கள் தெருவில் எழுபதுகளிலேயே வீடு வாங்கியவருக்கும், அண்மையில் கணினி வேலைக்கு வந்து இருபது லட்சம் டாலருக்கு வீடு வாங்கிய தமிழ்க் குடும்பத்துக்கும் சுவர் ஒன்றுதான்; அதே பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னவர் கட்டும் வரியோ முன்னவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு. நம்மவர்கள் பலர் இதை வரிச் சீட்டில் கடைசி வரிகளாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தமிழ்ப் பள்ளி வாசலில் ஒருவர், “அண்ணா, நீங்க அந்தக் கமிட்டியில இருக்கீங்களே, வரியைக் குறைக்கச் சொல்லக் கூடாதா?” என்று கேட்டார். வாக்காளர் அனுமதித்த கடனின் வரியைக் குழு தொட முடியாது என்று சொன்னபோது, அப்படியானால் எதைத்தான் தொட முடியும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சட்டம் எங்களுக்குக் கொடுத்திருப்பது இவை: தணிக்கை அறிக்கைகளைப் பெற்றுப் படிக்கலாம், கட்டடங்களைப் போய்ப் பார்க்கலாம், பராமரிப்புத் திட்டங்களைப் பரிசீலிக்கலாம், செலவைக் குறைக்க மாவட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம், ஆண்டுக்கு ஒருமுறையாவது பொதுமக்களுக்கு அறிக்கை வெளியிட வேண்டும். உறுப்பினர்களில் ஒருவர் உள்ளூர் வணிக அமைப்பையும், ஒருவர் மூத்த குடிமக்கள் அமைப்பையும், ஒருவர் வரி செலுத்துவோர் சங்கத்தையும் சேர்ந்தவராக இருக்க வேண்டும்; மாவட்டத்தில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒருவர்; பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இயங்கும் பெற்றோர் இன்னொருவர். மாவட்டத்தின் ஊழியரோ, அதற்குப் பொருள் விற்பவரோ, ஒப்பந்ததாரரோ, ஆலோசகரோ இருக்கக் கூடாது. பதவிக்காலம் இரண்டு ஆண்டு; தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இல்லை. இந்த உறுப்பினர்களை நியமிப்பது யார் என்று கேட்டால், அவர்கள் யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அந்த வாரியம்தான். இந்த ஒரு விதியிலேயே சட்டத்தின் தயக்கம் முழுவதும் தெரிகிறது.

கூட்டம் நடத்துவதிலும் கட்டுப்பாடு உண்டு. 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி, 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலைப் பொது இடத்தில் ஒட்ட வேண்டும். நிரலில் இல்லாததைப் பேசி முடிவெடுக்க முடியாது. குழுவில் பெரும்பான்மையினர் கூட்டத்துக்கு வெளியே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ குழு விஷயத்தைப் பேசுவதும் சட்ட மீறல். விதி நல்ல விதிதான். ஆனால் ஆண்டுக்கு நான்கு முறை கூடும் குழுவில், ஒரு கேள்வி எழுந்து, அடுத்த கூட்டத்தின் நிரலில் ஏறி, பதில் வந்து சேர்வதற்குள் கட்டடத்துக்குக் கூரை போட்டுவிடுவார்கள்.

இனிக் கொள்முதல். பொருள், கருவி வாங்குவதற்கு மாநிலம் ஆண்டுதோறும் ஒரு வரம்பை அறிவிக்கிறது. 2024இல் அது 1,14,500 டாலர். அதற்கு மேல் போனால் விளம்பரம் செய்து, மூடிய ஒப்பந்தப்புள்ளி கேட்டு, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுக்க வேண்டும். கட்டுமானப் பணி என்றால் அடிப்படை வரம்பு 15,000 டாலர்தான்; மாநிலத்தின் சீரான கணக்கு முறையை ஏற்றுக்கொண்ட மாவட்டங்களுக்கு அதைவிடத் தளர்வு உண்டு. வரம்புக்குள் அடங்கும்படி ஒரே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது சட்டவிரோதம்.

ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நிகழ்ச்சியை ஒருமுறையாவது எல்லாரும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். யார் வேண்டுமானாலும் போகலாம், யாரும் போவதில்லை. மாவட்ட அலுவலகத்தின் முன்கூடத்தில் ஒரு கடிகாரம். இரண்டு மணி என்று அறிவித்திருந்தால், இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு வரும் உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றே முக்கால் மணிக்கு வாகன நிறுத்துமிடத்தில் ஒப்பந்த நிறுவனத்து இளைஞர் ஒருவர் காருக்குள் உட்கார்ந்து, காதில் கைபேசியை வைத்தபடி, படிவத்தில் விலையை எழுதாமல் காத்திருப்பார். மின்வேலை, குழாய்வேலை செய்யும் துணை ஒப்பந்ததாரர்கள் தங்கள் விலையைக் கடைசி நேரத்தில்தான் சொல்வார்கள்; முன்பே சொன்னால் அதைப் போட்டியாளரிடம் காட்டிக் குறைக்கச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். மொத்த விலையில் அரை சதவீதத்துக்கு மேல் வேலை செய்யும் துணை ஒப்பந்ததாரர்களின் பெயரைப் படிவத்திலேயே எழுதித் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இந்தப் பேரத்தைத் தடுக்கத்தான். இரண்டு மணிக்கு உறைகளைப் பிரித்து விலைகளை உரக்கப் படிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் அந்த நிகழ்ச்சிதான் முழு நடைமுறையிலும் மிகவும் வெளிப்படையான பகுதி.

அதற்குப் பிறகு வருவது ‘சேஞ்ச் ஆர்டர்’. வேலை தொடங்கிய பின் ஒப்பந்த விலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஆணை. ஏலம் இல்லாமல் ஒப்பந்த விலையில் ஏறத்தாழ 10 சதவீதம் வரை இப்படிக் கூட்டலாம். எங்கள் மாவட்டத்தில் அறுபதுகளில் கட்டிய ஒரு தொடக்கப் பள்ளியின் கழிப்பறைகளைப் புதுப்பித்தபோது, தரையை உடைத்ததும் பழைய களிமண் குழாய் நொறுங்கிக் கிடந்தது தெரிந்தது. பழைய வரைபடத்தில் குழாய் வேறொரு திசையில் போவதாகக் காட்டியிருந்தது. தரை ஓட்டின் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் வேறு. இவை யாருடைய தவறும் அல்ல. ஒப்பந்ததாரருக்குக் கூடுதல் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதே பட்டியலில் இன்னொரு வரி இருந்தது: கையை உலர்த்தும் புதிய கருவிகளுக்கு மின் இணைப்பு. கருவி வரைபடத்தில் இருக்கிறது, மின்கம்பி இல்லை. அது கட்டடக் கலைஞர் அலுவலகத்தின் விடுபாடு. அதற்கும் மாவட்டம்தான் பணம் கொடுத்தது. முதலிலேயே வரைந்திருந்தாலும் அந்தக் கம்பிக்கு மாவட்டம்தானே பணம் கொடுத்திருக்கும் என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லும் நியாயம். அதில் பாதிதான் உண்மை. போட்டியில் வரும் விலையும், வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒருவரிடம் கேட்டு வாங்கும் விலையும் ஒன்றல்ல.

ஆகவே சேஞ்ச் ஆர்டரின் மொத்தத் தொகையைவிட அதில் காரணம் எழுதும் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எதிர்பாராத நிலைமை, மாவட்டம் கேட்ட மாற்றம், வரைபடப் பிழை அல்லது விடுபாடு என்று மூன்று வகையாகப் பிரித்து எங்களுக்குக் கொடுக்கும்படி கேட்டோம். முதலில், அப்படிப் பிரித்து வைக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். கட்டுமான மேலாண்மை நிறுவனத்தின் கணினியில் அந்தக் கட்டம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுத்தான் இருந்தது. எங்களுக்கு வரும் அறிக்கையில்தான் அச்சாகவில்லை. இப்போது அச்சாகிறது. எங்கள் குழு சாதித்தது என்ன என்று யாராவது கேட்டால் அந்த ஒரு கட்டத்தைத்தான் காட்டுவேன்.

கட்டடத்தின் உறுதியைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அதற்குக் காரணம் 1933. அந்த ஆண்டு மார்ச் 10ஆம் தேதி மாலை 5.54க்கு லாங் பீச்சில் நிலநடுக்கம் வந்தது. சுமார் 70 பள்ளிகள் இடிந்து விழுந்தன. மேலும் 120 பள்ளிகள் பெரும் சேதம் அடைந்தன. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்ட நேரம் என்பதால்தான் அவர்கள் பிழைத்தார்கள். ஒரே மாதத்தில், ஏப்ரல் 10ஆம் தேதி, ஃபீல்ட் சட்டம் வந்தது. அன்றிலிருந்து பள்ளிக் கட்டட வரைபடத்தை மாநிலக் கட்டடக் கலைப் பிரிவு சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை நடக்கும் நாளெல்லாம் தனி ஆய்வாளர் ஒருவர் களத்தில் இருக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுப்பது மாவட்டம்; அவர் பதில் சொல்வதோ மாநிலப் பிரிவுக்கு. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிக் கட்டைப் பார்த்து அவர் கையெழுத்திடாவிட்டால் வேலை நின்றுவிடும். பணத்தைக் கண்காணிக்க அமைத்த எங்கள் குழுவுக்கும் கம்பியைக் கண்காணிக்க அமைத்த அந்த ஆய்வாளருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அவர் வேலைக்கு முன்னால் நிற்கிறார், நாங்கள் பின்னால் நிற்கிறோம்.

எங்களைப் போன்ற குழுக்களுக்கு முன்மாதிரி லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தது. 1996 நவம்பரில் அந்த மாவட்டம் 240 கோடி டாலர் கடன் கேட்டு, மூன்றில் இரண்டு பங்கை மயிரிழையில் தவறவிட்டது. 1997 ஏப்ரலில், சுதந்திரமான மேற்பார்வைக் குழு என்ற உறுதியோடு மீண்டும் கேட்டபோது 71 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அந்தக் காலத்தில்தான் நகர மையத்துக்கு மேற்கே பெல்மான்ட் கல்வி வளாகத்தின் கட்டுமானம் தொடங்கியது. பழைய எண்ணெய் வயலின் மேல் கட்டுகிறோம் என்பது தெரிந்தேதான் தொடங்கினார்கள். மண்ணில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருப்பது பெரும் பிரச்சினையாகி, 2000 ஜனவரியில் பாதிக் கட்டடத்தோடு வாரியம் அதைக் கைவிட்டது. பின்னர் மீண்டும் எடுத்தபோது, 2002இல் கட்டடத்துக்கு அடியிலேயே நிலப்பிளவு கண்டுபிடிக்கப்பட்டது. சில கட்டடங்களை இடிக்க வேண்டியதாயிற்று. 2008இல் வேறு பெயரில் பள்ளி திறந்தபோது செலவு 35 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. இதன் வேர் இடத்தைத் தேர்ந்த முடிவில் இருக்கிறது. அந்த முடிவுக்குப் பிறகு எத்தனை விலைச்சீட்டைச் சரிபார்த்தாலும் அந்த இழப்பு குறைந்திருக்காது.

மாணவர்களுக்கு ஐபேட் வழங்கிய அதே மாவட்டத்தின் திட்டம் இன்னும் நெருக்கமான பாடம். 2013 ஜூனில், முதல் கட்டமாக 3 கோடி டாலர் ஒப்பந்தத்தை வாரியம் அங்கீகரித்தது. பாட மென்பொருளோடு ஒரு கருவி 678 டாலர். கம்பியில்லா இணைய வசதியையும் சேர்த்துத் திட்டத்தின் முழு மதிப்பு ஏறத்தாழ 130 கோடி டாலர். பணம் வந்தது கட்டடத்துக்காக வாக்காளர் அனுமதித்த கடன் பத்திரத்திலிருந்து. மூன்று நான்கு ஆண்டுகளில் பழசாகும் கருவியை இருபத்தைந்து ஆண்டுக் கடனில் வாங்குவது, இந்த மாதம் சமைத்துத் தீரும் அரிசிக்கு வீட்டுக் கடன் வாங்குவது போலத்தான். அந்தச் செப்டம்பரில் கருவிகள் கைக்கு வந்த சில நாட்களிலேயே மாணவர்கள் பாதுகாப்புத் தடையைக் கழற்றிவிட்டு விரும்பிய தளங்களைப் பார்க்கத் தொடங்கியதைச் செய்தித்தாள்கள் வேடிக்கையாக எழுதின. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், மேற்பார்வைக் குழுவில் இருந்த கட்டடக் கலைஞர் ஒருவர், கட்டடக் கடனை இதற்குப் பயன்படுத்தலாமா என்று தொடர்ந்து கேட்டதும், 2014 மே மாதம் அவரை மீண்டும் நியமிக்க வாரியம் மறுத்ததும். எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அவர் திரும்ப வந்தார். அந்த ஆகஸ்டில், ஒப்பந்தப்புள்ளி கேட்பதற்கு முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கும் விற்பனை நிறுவனங்களுக்கும் இடையே நடந்த மின்னஞ்சல்கள் வெளியாகி, திட்டம் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் கண்காணிப்பாளர் ஜான் டீசி பதவி விலகினார். கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு பெட்டி பெட்டியாக ஆவணங்களை எடுத்துச் சென்றது. 2017இல், யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை என்று விசாரணை முடிந்தது.

குற்றச்சாட்டு இல்லை என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. கருவி வாங்குவதைத் தேர்தல் பட்டியல் அனுமதித்திருந்தால், அதைக் கடனில் வாங்குவது சட்டப்படி சரியே.

சான் டியேகோவுக்கு வடக்கே உள்ள பவேய் மாவட்டத்தின் கதையில் விற்பனையாளரே தேவைப்படவில்லை. 2008இல், வரி விகிதம் உயராது என்ற உறுதியோடு அங்கே கடன் அனுமதி வாங்கினார்கள். பிறகு வீட்டு விலைகள் சரிந்தன; அந்த விகிதத்துக்குள் வழக்கமான கடன் வாங்க இடமில்லாமல் போயிற்று. 2011இல் 10.5 கோடி டாலரை, முதல் இருபது ஆண்டுகளுக்கு அசலும் வட்டியும் கட்டாமல் வட்டிமேல் வட்டி ஏறும் பத்திரமாக வாங்கினார்கள். திருப்பிச் செலுத்தத் தொடங்குவது 2033இல், முடிவது 2051இல், மொத்தம் ஏறத்தாழ 98 கோடி டாலர். பெரும்பகுதியைக் கட்டப்போகிறவர்கள், அந்தப் பள்ளிகளில் அன்று படித்த பிள்ளைகளின் தலைமுறை. இது 2012இல் நாடெங்கும் செய்தியாகி, 2013இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. இப்போது திருப்பிக் கட்டும் மொத்தத் தொகை அசலைப் போல நான்கு மடங்குக்கு மேல் போகக் கூடாது, இவ்வகைப் பத்திரத்தின் காலம் 25 ஆண்டைத் தாண்டக் கூடாது. பவேயில் அந்தப் பணத்தில் எழுந்த கட்டடங்களில் குறை ஒன்றும் கேள்விப்படவில்லை. தணிக்கையாளர் பார்ப்பது அந்தக் கட்டடத்துக்கான விலைச்சீட்டைத்தான். பத்திரத்தின் வட்டிமுறையை அல்ல.

திருட்டு இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சான் டியேகோவுக்குத் தெற்கே ஸ்வீட்வாட்டர் உயர்நிலைப் பள்ளி மாவட்டத்தில் ஒப்பந்ததாரர்களின் விருந்துகளையும் பரிசுகளையும் ஏற்ற வாரிய உறுப்பினர்கள் மீது 2012இல் வழக்குப் பாய்ந்தது. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அது நீதிமன்றம் பார்க்கும் வேலை, பார்த்தது. சட்டத்துக்கு உட்பட்டு, ஆனால் போட்டியைத் தவிர்த்து நடந்த வேலைகளுக்குத்தான் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்கவில்லை. ஃப்ரெஸ்னோ மாவட்டம் 3.67 கோடி டாலர் செலவில் ஒரு நடுநிலைப் பள்ளியைக் கட்டியது. மாவட்டம் தன் நிலத்தைக் கட்டுமான நிறுவனத்துக்குப் பெயரளவு வாடகைக்கு விட்டு, கட்டடத்தோடு திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் முறை அது. பணமில்லாத மாவட்டங்கள் தனியார் முதலீட்டில் கட்டுவதற்காக வந்த சட்டம். ஆனால் கையில் கடன் பத்திரப் பணத்தை வைத்துக்கொண்டே, ஏலத்தைத் தவிர்ப்பதற்காக மாநிலமெங்கும் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃப்ரெஸ்னோ வழக்கை விசாரணைக்கு ஏற்றது. 2016இல் சட்டமன்றம் இம்முறைக்கும் போட்டித் தேர்வைக் கட்டாயமாக்கியது. வழக்குத் தொடுத்தது எந்தக் குழுவும் அல்ல. ஒரு தனி வரி செலுத்துநர்.

இப்படிப் பார்த்துக்கொண்டே பின்னோக்கிப் போனால், எல்லாம் தேர்தலுக்கு முந்தைய சில மாதங்களில் போய் நிற்கிறது. கடன் வேண்டும் என்று பிரசாரம் செய்யும் குழுக்களுக்கு நன்கொடை தருபவர்கள் யார் என்று உள்ளூர்த் தேர்தல் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்: கட்டடக் கலை நிறுவனங்கள், கட்டுமான நிறுவனங்கள், பத்திரத்தை விற்றுத் தரும் நிதி நிறுவனங்கள். பத்திர விற்பனை வேலையைத் தருவதாகச் சொல்லி, அதற்கு ஈடாக நிதி நிறுவனத்தைப் பிரசார வேலை செய்யவைப்பது சட்டவிரோதம் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2016 ஜனவரியில் கருத்துரை தந்தார். நன்கொடைக்கு அதனால் தடையில்லை. வாக்காளர் முன் வைக்கும் பணிப் பட்டியலையும் இவர்களின் ஆலோசகர்களே பெரும்பாலும் எழுதித் தருகிறார்கள். எங்கள் மாவட்டத்தின் பட்டியலில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஏறத்தாழ ஒரே வாசகங்கள் இருந்தன: கூரையைச் சரிசெய்தல் அல்லது மாற்றுதல், தொழில்நுட்பத்தை மேம்படுத்துதல், வகுப்பறைகளை நவீனப்படுத்துதல். பட்டியலில் உள்ள எல்லாம் செய்யப்படும் என்பதற்கு உறுதி இல்லை என்ற வரி கடைசியில். தணிக்கையாளர் ஆண்டுதோறும் வந்து, செலவுகள் பட்டியலுக்கு உட்பட்டவையே என்று சான்று தருகிறார். அப்படிப்பட்ட பட்டியலுக்கு உட்படாத செலவு எது என்று யோசித்துப் பார்க்கிறேன். நீச்சல் குளம்கூட நவீனப்படுத்துதலில் அடங்கிவிடும் போலிருக்கிறது.

எங்கள் வாரியம் இப்போது அடுத்த கடனுக்குத் தயாராகிறது. 2024 நவம்பரில் மாநில மக்கள் 1,000 கோடி டாலர் பள்ளிக் கட்டட நிதியை ஒப்புக்கொண்டார்கள். மாநிலத்தின் பங்கைப் பெற மாவட்டமும் தன் பங்கைப் போட வேண்டும் என்பதால் எல்லா ஊர்களிலும் இந்தப் பரபரப்பு. குழு என்ற முறையில் இது எங்கள் எல்லைக்குள் வராது. எங்களுக்கு வேலை பழைய கடனோடுதான். எனவே குழுவின் பெயரைப் போடாமல், நாங்கள் சிலர் தனித்தனியாக வாரியத்துக்கு எழுதினோம். கணினிக் கருவிகளைச் சேர்ப்பதானால் மூன்று நான்கு ஆண்டில் தீரும் குறுகிய காலப் பத்திரமாகத் தனியே வெளியிட வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு பள்ளிக்கும் முதலில் நடக்கும் பணி எது என்று வரிசை கொடுக்க வேண்டும். ஏலமில்லாத முறையில் கட்டடம் கொடுப்பதானால் அதற்கான காரணத்தை ஒப்பந்தத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் வைக்க வேண்டும். முதல் கோரிக்கையை நிதிப் பிரிவு ஏற்றுக்கொள்ளும் போலத் தெரிகிறது. இரண்டாவது வேண்டாம் என்று ஆலோசகர் சொல்லிவிட்டார்: எந்தப் பள்ளி கடைசியில் வருகிறதோ அந்தப் பகுதியின் வாக்குகள் போய்விடுமாம். மூன்றாவதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நவம்பர்த் தேர்தலில் இடம்பெற வேண்டிய தீர்மானம், 88 நாட்களுக்கு முன்பே கவுன்டியின் (மாநிலத்துக்குள் உள்ள வட்டார நிர்வாகப் பகுதி) தேர்தல் அலுவலகத்தில் இருக்க வேண்டும்; அதாவது ஆகஸ்ட் முதல் பாதி. பட்டியலின் வாசகம் முடிவாவது ஜூன், ஜூலை கூட்டங்களில். பள்ளி விடுமுறைக் காலம் அது; நம் குடும்பங்களில் பாதி அப்போது சென்னையிலோ மதுரையிலோ இருக்கும். கூட்டங்களின் காணொளியைப் பெரும்பாலான மாவட்டங்கள் இணையத்தில் ஏற்றுகின்றன, கருத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலும் பதிவில் சேர்க்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் ‘கடன் தேர்தல் தீர்மானம்’ என்ற வரிக்குக் கீழே, இணைப்பாக வரும் கோப்பில்தான் பட்டியல் இருக்கும்.